வெண்டைக்கு ஒரு பை மண்

வெண்டைச் செடிக்குக் காத்திருக்கத் தெரியாது. விதை ஊன்றிய 42, 45 நாளில் முதல் பூ வந்துவிடும். அப்போது செடி இடுப்பளவு வளர்ந்திருந்தாலும் பூக்கும், ஒரு சாண் உயரத்தில் சோர்ந்து நின்றாலும் பூக்கும். அப்படிச் சோர்ந்து நின்ற செடி பூத்து, இரண்டு மூன்று காய் கொடுத்துவிட்டு முடிந்துபோகும். மிளகாய்ச் செடி சுணங்கினால் கிளையை வெட்டி விடலாம், இரண்டு மாதம் கழித்துத் திரும்பத் தழைக்கும். கத்தரியும் அப்படித்தான். வெண்டைக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு அதிகம் கிடையாது. மொத்த ஆயுள் நூறு நாள். முதல் மூன்று வாரத்தில் வேர் எப்படி இறங்குகிறதோ, மிச்ச நாளெல்லாம் அந்த வேரை வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வெண்டைக்கு ஆணிவேர். நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் அந்த வேர் அடிபடும், அதற்கப்புறம் செடி எழுந்து நிற்கவே பத்து நாள் ஆகும். அதனால் எந்தப் பையில் காய்க்கப் போகிறதோ அந்தப் பையிலேயே நேராக விதைக்க வேண்டும். அதாவது, விதை ஊன்றும் நாளில் பைக்குள் என்ன மண் இருக்கிறதோ அதுதான் கடைசிவரை. நடுவில் மாற்ற முடியாது.

நான் மேடவாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒன்பது வருடமாகப் பைகளில் காய்கறி வளர்க்கிறேன். 36 பை இருக்கின்றன. அதில் ஒன்பது பை எப்போதும் வெண்டைக்கு. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ஒன்பது செடி ஒழுங்காகக் காய்த்தால் வாரத்தில் இரண்டு நாள் பொரியலுக்கும் ஒரு நாள் குழம்புக்கும் வரும். அந்த ‘ஒழுங்காக’ என்பதற்கு வந்து சேர எனக்கு மூன்று பருவம் பிடித்தது. மூன்றிலும் விதை நல்ல விதை, வெயில் நல்ல வெயில். கெட்டது மண் கலவைதான்.

முதல் பருவத்தில் பக்கத்தில் வீடு கட்டியவர்கள் மிச்சம் வைத்திருந்த செம்மண்ணையும் எம்-சாண்டையும் சரிபாதி கலந்து நிரப்பினேன். மூன்றாவது தடவை தண்ணீர் ஊற்றியதும் மேற்பரப்பு பூசிவிட்ட மாதிரி இறுகிவிட்டது. திருமானூரிலிருந்து வந்திருந்த அப்பா பைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், விரல் ஒரு கணு கூட இறங்கவில்லை. “ஏம்மா, இது மண்ணா தரையா?” என்றார். அந்தச் செடிகள் ஓர் அடிதான் வளர்ந்தன. இரண்டாவது பருவத்தில் மண்ணே வேண்டாம் என்று மலிவாகக் கிடைத்த தென்னை நார்க்கழிவுக் கட்டிகளை வாங்கி ஊறவைத்து அப்படியே போட்டேன். பன்னிரண்டாம் நாள் இலை ஓரங்கள் அனலில் காட்டிய காகிதம் போலக் கருகின. மூன்றாவதில் ‘நன்றாக மக்கிய சாணம்’ என்று மூட்டையாக வந்ததை நம்பிப் பாதிக்குப் பாதி கலந்தேன். பாதி நாற்று சாய்ந்தது. தப்பிப் பிழைத்தவை இலையாகத் தழைத்தன, அந்த இளசு இலைகளைத் தேடி அசுவினி வந்தது, காய் மட்டும் வரவில்லை.

இந்த மூன்று தோல்வியும் மூன்று வேறு விஷயங்களைச் சொல்லின: காற்று, உப்பு, பக்குவம். கலவையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வரிசையிலேயே பார்த்தால் போதும். சத்து நாலாவதுதான். பெரும்பாலான பேர் அதை முதலில் வைக்கிறார்கள், அங்கேதான் பணமும் போகிறது.

முதலில் காற்று

வயலில் தண்ணீர் ஊற்றினால் கீழே இருக்கும் மண் அதை இழுத்துக்கொண்டே போகும். பையில் அந்தக் ‘கீழே’ இல்லை. அடிப்பக்கத் துளை வரை வந்த தண்ணீர் அங்கேயே தங்கும். கொடியில் காயப்போட்ட துண்டைப் பாருங்கள். மேலெல்லாம் உலர்ந்த பிறகும் கீழ் விளிம்பு ஈரமாகவே இருக்கும். பையின் அடியிலும் அதேதான் நடக்கிறது. அந்த ஈர அடுக்கு எவ்வளவு உயரம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பையின் உயரம் இல்லை, கலவையின் துகள் அளவு. துகள் நைசாக இருந்தால் நாலைந்து அங்குலம் வரை நீர் தேங்கி நிற்கும். கரடுமுரடாக இருந்தால் ஓர் அங்குலத்தோடு நிற்கும். வேருக்கு மூச்சு வேண்டும். நீர் நிறைந்த இடத்தில் காற்று இருக்காது, வேர் அழுகும்.

இதனால்தான் பையின் அடியில் செங்கல் ஜல்லி போடும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஜல்லி வடிகாலைக் கூட்டும் என்று நினைக்கிறோம். நைசான கலவையிலிருந்து பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு உள்ள இடம்தான் குறையும். துளை அடைக்காமல் இருக்க ஒரு துண்டு தேங்காய் நார் வைத்தால் போதும்.

கலவையில் காற்று எவ்வளவு என்று வீட்டிலேயே அளக்கலாம். எந்தப் புதுக் கலவையையும், கடையில் வாங்கிய பையையும், இப்படி அளக்காமல் நான் நிரப்புவதில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிவிட்டு, அடியில் நாலைந்து துளை போட்டு டேப் ஒட்டுங்கள். சரியாக ஒரு லிட்டர் பிடிக்கும் உயரத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். லேசாக ஈரமான கலவையை அந்தக் கோடு வரை நிரப்பி, தரையில் இரண்டு தட்டு தட்டி, குறைந்தால் இன்னும் கொஞ்சம் போடுங்கள். அமுக்க வேண்டாம். இப்போது ஓரமாக மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். மேற்பரப்பில் தண்ணீர் பளபளக்கும்போது நிறுத்தி, அரை மணி நேரம் விட்டு, இறங்கியிருந்தால் மறுபடி நிரப்புங்கள். பிறகு ஒரு கிண்ணத்துக்கு மேலே பிடித்து டேப்பை உரியுங்கள். சொட்டுவது நிற்கும் வரை காத்திருந்து, கிண்ணத்தில் விழுந்த தண்ணீரை மில்லி கணக்கில் அளங்கள். 200 மில்லி விழுந்தால் கலவையில் 20 சதவீதம் காற்று.

வெண்டைக்கு 15 முதல் 25 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். பத்துக்குக் கீழே போனால் அந்தக் கலவை வேண்டாம். முப்பதைத் தாண்டினாலும் சென்னை வெயிலுக்கு ஆகாது, கத்திரி வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று தடவை தண்ணீர் ஊற்ற வேண்டிவரும். முதல் பருவத்துச் செம்மண் கலவையைப் பல வருடம் கழித்து ஆசைக்காக அளந்து பார்த்தேன்: 60 மில்லி. அந்தச் செடிகள் அவ்வளவு நாள் உயிரோடு நின்றதே பெரிய விஷயம்.

நார்க்கழிவும் உப்பும்

மாடித்தோட்டக் கலவையில் பெரும்பங்கு தென்னை நார்க்கழிவுதான், எல்லோரும் கோகோபீட் என்கிறோம். எடை குறைவு, தண்ணீரைப் பிடித்து வைக்கும், பி.எச். ஐந்தரை முதல் ஆறரை வரை இருக்கும். நமக்கு மலிவாகவும் கிடைக்கிறது. ஆனால் அதன் உப்பை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தென்னை மரமே உப்பைத் தாங்கும் மரம். மட்டையில் சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் இயல்பாகவே இருக்கும். மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு நார் எடுத்திருந்தால் இன்னும் கூடும். நல்ல தண்ணீரில் கழுவிய சரக்குக்கு ‘லோ இ.சி.’ என்று பேர் (இ.சி. என்பது உப்பின் அளவைக் காட்டும் எண்), விலை கொஞ்சம் அதிகம். கழுவாதது ‘ஹை இ.சி.’. உரக்கடையில் பல நேரம் எதைக் கொடுக்கிறோம் என்று கடைக்காரருக்கே தெரியாது. கேட்டு வாங்குங்கள், வாங்கியதையும் அளந்து பாருங்கள்.

குடிநீர் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஊறி உதிர்ந்த நார்க்கழிவு ஒரு டம்ளர், ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு டம்ளர். கலக்கி அரை மணி நேரம் விட்டு, துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றில் மீட்டரை வையுங்கள். ஆர்.ஓ. தண்ணீரின் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் 250க்குக் கீழே என்றால் நிம்மதி. 250க்கும் 500க்கும் நடுவில் என்றால் கழுவிப் பயன்படுத்தலாம். ஆயிரத்தைத் தாண்டினால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். என் இரண்டாவது பருவத்துக் கட்டியில் மிஞ்சிய ஒரு துண்டை மீட்டர் வாங்கிய பிறகு அளந்தபோது 1,640 காட்டியது.

கழுவுவது என்றால், கட்டியைப் பெரிய தொட்டியில் முழுகும்படி ஊறவைத்து, சாக்கில் அள்ளிப் பிழிந்து வடித்து, இப்படி மூன்று முறை. எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பது முக்கியம். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே 1,400 காட்டும். அதில் கழுவினால் உப்பை மாற்றிக்கொள்வோமே தவிர நீக்க மாட்டோம். மெட்ரோ வாட்டர் வரும் நாளில் கழுவுகிறேன். ஐப்பசி மழையில் சாக்கோடு மாடியில் வைத்துவிட்டால் அதைவிட நல்ல கழுவல் கிடையாது. இரண்டு நல்ல மழை போதும்.

கழுவியும் ஒரு சிக்கல் மிஞ்சும். நார்க்கழிவுத் துகள்கள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் தம்மோடு ஒட்டவைத்திருக்கும், வெறும் தண்ணீர் அதை முழுக்க எடுக்காது. அப்புறம் நாம் கொடுக்கும் கால்சியத்தை அது பிடித்துக்கொண்டு பழைய உப்பை வெளியே விடும். செடிக்குக் கால்சியம் கிடைக்காது, இளம் இலை சுருண்டு வரும். இதற்குக் கடைசிக் கழுவலுக்குப் பின் 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஓர் இரவு ஊறவைத்து வடிக்கிறேன். முழுக்க இயற்கை வழியில்தான் செய்வேன் என்பவர்கள் இதைத் தவிர்த்துவிட்டு, கலவையில் செம்மண் பங்கைச் சற்றுக் கூட்டி, இரண்டு வாரம் ஈரத்தோடு ஆறவிடுங்கள். அதுவும் ஓரளவு வேலை செய்கிறது.

செம்மண் எதற்கு

வெறும் நார்க்கழிவில் வெண்டை வளரும். ஆனால் காற்றடித்தால் பையோடு சாயும், ஒரு நாள் காய்ந்தால் மறுபடி நனையவே மறுக்கும், சத்தையும் நுண்சத்தையும் முழுக்க நாமே கரைத்து ஊற்ற வேண்டும். கொஞ்சம் மண் இருந்தால் இந்தக் கஷ்டம் குறையும். ஐந்தில் ஒரு பங்கு போதும், அதற்கு மேல் கூடாது.

எந்த மண் என்பதை ஒரு கண்ணாடி பாட்டில் சொல்லிவிடும். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், அதற்கு மேல் வண்டல், உச்சியில் களி என்று தனித்தனி அடுக்காக நிற்கும். களி அடுக்கு மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் இருந்தால் பைக்கு ஆகாது. ஏரிக் கரம்பை மண் வயலுக்குப் பொன்தான், பைக்குள் அது இறுகிவிடும். கட்டட வேலை நடந்த இடத்து மண் வேண்டாம், சிமென்ட் கலந்திருந்தால் பி.எச். ஏறிவிடும். எம்-சாண்டில் இருக்கும் நைசுத் தூள் இடைவெளிகளையெல்லாம் அடைத்துவிடும். கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம்.

பாரத்தையும் கணக்கில் எடுங்கள். 12க்கு 12 அங்குலப் பையைப் பத்து அங்குலம் நிரப்பினால் ஏறத்தாழ 18 லிட்டர். வெறும் மண்ணாக நிரப்பி நனைத்தால் ஒரு பை 30 கிலோ வரும். ஒரு சதுர மீட்டரில் நெருக்கி வைத்தால் பத்துப் பை, 300 கிலோ. ஆள் நடமாட்டம் உள்ள மொட்டை மாடிக்கு நம் நாட்டுக் கட்டட விதிமுறை கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். நார்க்கழிவும் உமியும் சேர்ந்த கலவை நனைந்த பிறகும் பைக்கு 15 கிலோவைச் சுற்றி நிற்கும். அப்படியிருந்தும் பைகளை ஒன்றரை அடி இடைவெளி விட்டு, சுவர் ஓரமாகவும் உத்தரம் ஓடும் இடங்களிலும்தான் வைக்கிறேன்.

எருவின் பக்குவம்

எரு ஐந்தில் ஒரு பங்கு. மண்புழு உரமோ, மக்கிய சாணமோ, வீட்டில் செய்த சருகு உரமோ, எது கிடைத்தாலும் சரி. ஆனால் மக்கியிருக்க வேண்டும். மக்காத எரு பைக்குள் வந்துதான் மிச்சத்தை மக்கும். அப்போது சூடு வரும், அமோனியா வரும், முளைக்கு வேண்டிய காற்றையும் அதுவே எடுத்துக்கொள்ளும். விற்பவர் வாயால் சொல்வதை நம்பாமல் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு பிடி எருவை ஈரமாக்கி ஜிப் பையில் இறுக்கி மூடி மூன்று நாள் நிழலில் வையுங்கள். திறக்கும்போது மழை பெய்த மண் வாசம் வந்தால் சரி. சாண நெடியோ மூக்கைக் குத்தும் காரமோ வந்தால் இன்னும் இரண்டு மாதம் குவித்து வையுங்கள்.

இரண்டாவது, வெந்தயச் சோதனை. ஒரு தட்டில் எருவும் கழுவிய நார்க்கழிவும் சரிபாதி, இன்னொரு தட்டில் நார்க்கழிவு மட்டும். இரண்டிலும் இருபது இருபது வெந்தயம். நாலைந்து நாளில் இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி முளைத்து வேர் வெள்ளையாக இறங்கினால் எரு நல்லது. எருத் தட்டில் பாதிதான் முளைத்தது, வேர் நுனி பழுப்பாகிவிட்டது என்றால் அதை வெண்டைக்குப் போடாதீர்கள். இதை முதலிலேயே செய்திருந்தால் மூன்றாவது பருவத்தை இழந்திருக்க மாட்டேன்.

எருவை ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்தக் காரணம் உண்டு. முதல் இரண்டு வாரம் நாற்று விதைப் பருப்பில் இருக்கும் சத்தை வைத்தே ஓட்டிவிடும். அந்த நேரத்தில் காரமான மண்ணில் வேர் நுனி கருகினால், சொன்னேனே, இந்தச் செடிக்கு ஈடுகட்ட நாள் கிடையாது. குறைவாகத் தொடங்கிப் பிறகு மேலே கொடுத்துக்கொள்ளலாம். கலந்துவிட்டதை எடுக்க முடியாது.

உமி

கலவையை இலகுவாக்க பெர்லைட் என்ற பொரித்த வெள்ளைக் கல் துகளைப் போடச் சொல்கிறார்கள். நல்ல பொருள்தான். விலை அதிகம், தூசி மூக்கில் ஏறும், மழையில் மிதந்து மேலே வந்துவிடும். நமக்கு அரிசி ஆலை உமி இருக்கும்போது அதைத் தேட வேண்டியதில்லை. உமியில் சிலிக்கா அதிகம் என்பதால் சீக்கிரம் மக்காது, ஒரு வருடம் வரை இடைவெளியைக் காப்பாற்றும். கேட்டு வாங்க வேண்டியது புழுங்கல் அரிசி ஆலை உமி. நெல்லை அவித்த பிறகு வரும் உமி என்பதால் அதில் தப்பிக் கிடக்கும் நெல் முளைக்காது, களை விதையும் செத்திருக்கும். பச்சரிசி உமி போட்ட வருடம் என் பைகளில் நெல் நாற்று பிடுங்கியே கை வலித்தது. சாம்பலாக எரிந்த உமியைக் கலவையில் சேர்க்காதீர்கள், நைசாக அடைக்கும், பி.எச்.சையும் ஏற்றும். கருகலாக, முழு வடிவம் கெடாமல் இருந்தால் கொஞ்சம் சேர்க்கலாம்.

கலப்பதும் நிரப்புவதும்

நான் வாளிக் கணக்கில் கலக்கிறேன், 18 லிட்டர் வாளி. ஊறிய நார்க்கழிவு நாலு வாளி, ஒரு 5 கிலோ கட்டி ஊறினால் ஏறத்தாழ இவ்வளவுதான் வரும், சுமார் 70 லிட்டர். சலித்த செம்மண் இரண்டு வாளி. எரு இரண்டு வாளி. உமி இரண்டு வாளி. மொத்தம் பத்து வாளி போட்டாலும் நைசானவை இடைவெளிகளில் இறங்கிவிடுவதால் ஒன்பது பைதான் நிறையும். இதோடு வேப்பம் புண்ணாக்கு அரை கிலோ, நன்மை செய்யும் நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மா விரிடி, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஒவ்வொன்றும் 100 கிராம். தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டக் கிட்டில் பைகள், நார்க்கட்டி, விதையோடு இந்த உயிர் உரங்களும் வரும். அது கிடைத்தால் தனியாக வாங்க வேண்டாம்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், கையைத் திறந்தால் உருண்டை நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் பிசைந்த மாவு மாதிரி இருந்தால் மண் கூடிவிட்டது, இன்னொரு வாளி உமி போடுங்கள். பிறகு கோணிப் போட்டு மூடி நிழலில் பதினைந்து நாள் விடுங்கள். வேப்பம் புண்ணாக்கு முதலில் சூடாகி அடங்கும், அதற்குத்தான் இந்த அவகாசம். நடுவில் ஒரு முறை கிளறிவிடுங்கள். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு தெரியாத நாளில்தான் நிரப்ப வேண்டும்.

பை 12க்கு 12க்குக் குறைய வேண்டாம். ஆழம் 15 அங்குலம் கிடைத்தால் வெண்டையின் ஆணிவேருக்கு இன்னும் நல்லது. தாராளமாக ஒரு பைக்கு ஒரு செடி. நிரப்பும்போது கையால் அமுக்காமல், பையைத் தூக்கி இரண்டு முறை தரையில் தட்டுங்கள். மேலே இரண்டு அங்குலம் விட்டுவிடுங்கள், பின்னால் எரு போட இடம் வேண்டும். நடுவில் முஷ்டி அளவு குழி தோண்டி, அதில் கழுவிய நார்க்கழிவும் கொஞ்சம் செம்மண்ணும் மட்டும் நிரப்பி, அங்கே விதை ஊன்றுங்கள். இரவு ஊறவைத்த விதை, ஓர் அங்குல ஆழம், குழிக்கு இரண்டு. பத்தாம் நாள் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள், பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் ஆடும். இந்தச் சின்னக் குழிதான் என் வெண்டையை மாற்றியது. முளை சாதுவான மண்ணில் கண் திறக்கிறது, வேர் இறங்கி எருவைத் தொடும்போது தாங்கும் வயது வந்திருக்கிறது.

கடைப் பை வாங்கினால்

கலக்க இடமும் நேரமும் இல்லாதவர்களுக்குத் தயார்க் கலவை உண்டு. அதை வாங்குவதில் தப்பில்லை. கிலோ கணக்கில் விற்பதை வாங்காதீர்கள், பாதி எடை தண்ணீராக இருக்கும். லிட்டர் கணக்கில் எழுதியிருப்பதைப் பாருங்கள், ஒரு வெண்டைக்கு 18 லிட்டர். பையைத் தூக்கினால் அளவுக்கு மீறிக் கனத்தால் மண்ணோ மணலோ அதிகம். திறந்ததும் புளித்த வாடை வந்தால் காற்றில்லாமல் மூடிக் கிடந்திருக்கிறது, இரண்டு வாரம் பரப்பி ஆறவிடுங்கள். ‘எல்லாச் சத்தும் நிறைந்தது, உரமே வேண்டாம்’ என்று பெரிதாக எழுதியிருப்பதை வெண்டைக்கு நேராக நிரப்பாமல், அடிப்பாதிக்கு மட்டும் போட்டு, மேல்பாதிக்கு நார்க்கழிவும் உமியும் கலந்து தளர்த்திக்கொள்ளுங்கள். காற்றை அளக்கும் பாட்டில் சோதனையும் உப்பை அளக்கும் மீட்டர் சோதனையும் இதற்கும் உண்டு.

செடி சொல்வதைக் கேட்பது

நல்ல கலவையில் வெண்டை ஆறாம் நாளுக்குள் முளைத்து, மூன்றாம் வாரம் உள்ளங்கை அகலத்தில் இலை விடும். காலையில் தண்ணீர் ஊற்றி மாலைக்குள் மேல் அங்குலம் உலர்கிறதா என்று பாருங்கள். இரண்டு நாளாகியும் உலரவில்லை என்றால் காற்று குறைவு. ஒரு கம்பியால் பையின் பக்கவாட்டில், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் நாலு துளை போடுங்கள், தேங்கிய நீர் இறங்கும். இலை ஓரம் கருகினால் உப்பு. ஐந்து லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வழியவிடுங்கள். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புக் குறைவு. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் மண்ணின் பி.எச்.சை ஏற்றி இரும்பைப் பூட்டிவிடுகிறது. பை விளிம்பில் வெள்ளைப் படிவம் தெரிந்தால் அதுதான் காரணம். மழைநீரைச் சேர்த்து வைத்து வாரம் இரண்டு முறை அதை ஊற்றுகிறேன். இப்படித் தண்ணீர் உள்ளவர்கள் அடுப்புச் சாம்பலைப் போட வேண்டாம்.

இருபதாம் நாள் ஒரு பிடி மண்புழு உரம், முதல் மொட்டு தெரியும்போது இன்னொரு பிடி, காய்ப்பு தொடங்கியபின் பத்து நாளைக்கு ஒரு முறை கடலைப் புண்ணாக்கு ஊறிய தெளிவு, பத்து மடங்கு தண்ணீரில். இதற்குமேல் என் செடிகள் கேட்டதில்லை. பூத்த ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிடுங்கள், முற்றவிட்டால் அடுத்த காய் தாமதமாகும்.

நூறு நாள் முடிந்து செடியை எடுக்கும்போது வேரைக் கழுவிப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு, வெண்டைக்கு அது பெரிய எதிரி. அந்தப் பை மண்ணில் மறுபடி வெண்டையோ தக்காளியோ கத்தரியோ வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் மண்ணை நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் தாளுக்கு அடியில் அரை அடி கனத்தில் பரப்பி, ஓரங்களை இறுக்கி மூடி, ஆறு வாரம் விடுங்கள். அப்புறம் அதில் ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி வைக்கிறேன். வேர் சுத்தமாக இருந்தால் மண்ணை உதிர்த்து, பத்து வாளிக்கு ஒரு வாளி உமியும் ஒன்றரை வாளி எருவும் சேர்த்து, பாட்டிலில் ஒரு முறை அளந்துவிட்டு, கீரைக்குக் கொடுத்துவிடுகிறேன். வெண்டைக்கு அந்த மண் அடுத்த வருடம் ஆடியில்தான் திரும்பி வரும்.